அறிவியலுக்குள் சமூகவியலுக்கு என்ன வேலை? சேலத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி இது. "எம்.ஏ. சமூகவியல் முதல் வருடம் படிக்கிறேன். அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் பற்றிய சமூகவியல் பார்வைகள் என்று ஒரு தாள் இருக்கிறது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது என்பதில் சமூகம் எங்கே வருகிறது? என் அண்ணன் இன்ஜினியர். 'இதெல்லாம் வெட்டிப் பேச்சு, மக்களுக்கு அறிவியல் தெரியாததுதான் பிரச்சினையே' என்கிறான். எனக்குச் சேலம். உள்ளூர் உதாரணத்தோடு சொன்னால் நல்லது."

முதலில் அண்ணனை ஒரு நாள் ஏற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் அது. 95 டிகிரியை ஒட்டியே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். மேலே துவரம்பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆவது இதனால்தான். "இது காற்றழுத்தம், சமூகவியல் இல்லை" என்பார் அண்ணன். சரிதான், ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் 'கடல்மட்டத்தில்' என்ற சொல் அந்த வாக்கியத்திலிருந்து எப்போது உதிர்ந்துபோனது என்று கேளுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் கீழே இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. மலைமேல் அடுப்பு மூட்டுகிறவருக்குத் தேவைப்படுகிறது. இப்படி உதிர்ந்துபோன சொற்களைத் தேடிப் பொறுக்குவதுதான் உங்கள் தாளில் பாதி.

மீதிப் பாதி கொஞ்சம் வரலாறு. அதை வேகமாகக் கடந்துவிடலாம். 1942இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கர், அறிவியலாளர்கள் ஒரு சமூகமாக எந்த நெறிகளால் கட்டுண்டவர்கள் என்று எழுதினார். சொன்னவர் எந்த இனம், எந்த நாடு என்று பாராமல் சொன்னதைச் சோதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஜெர்மனியில் 'யூத இயற்பியல்' என்று பழித்து ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது; அதை மறந்துவிட்டுப் படித்தால் மெர்ட்டன் வெறும் நீதிபோதனையாகத் தெரிவார். அவர் அறிவியலாளரின் நடத்தையைப் பார்த்தார், கண்டுபிடிப்பின் உள்ளடக்கத்தைத் தொடவில்லை. 1970களில் எடின்பரோவிலும் வேறு இடங்களிலும் அடுத்த தலைமுறை உள்ளடக்கத்தையும் தொட்டது. தவறென்று தள்ளப்பட்ட கருத்துக்கு மட்டும் சமூகக் காரணம் தேடுகிறோமே, சரியென்று ஏற்றதற்கும் அதே அளவு தேட வேண்டாமா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, அறிவியல் என்பதே ஒரு கதைதான் என்ற எல்லை வரை போனார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. சேலத்தில் வெள்ளிப் பட்டறைகள் இருக்கிற செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசின் டச் (நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு) 80 என்றால், அது மும்பைக்குப் போனாலும் 80தான். ஆனால் கொலுசுக்கு 80 போதும் என்று தீர்மானித்தது வெள்ளியின் அணு இல்லையே. வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசி முடித்தது அது. எண் உண்மை, எதை எண்ணுவது, எங்கே நின்று எண்ணுவது, எவ்வளவு போதும் என்பதெல்லாம் மனிதர்கள் முடிவு செய்தது. நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

கஞ்சமலைக்கு வாருங்கள். அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அந்த மலையே இரும்புத் தாது. இந்தப் பக்கத்து ஊர்களில் மண்மூசையில் (உலோகம் உருக்கும் மண்கிண்ணம்) எஃகு உருக்கினார்கள். அந்த முறையை எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையை விட்டுவிட்டு இரும்புத் தொழிலில் இறங்கியவர். கருக்கிய உமியைக் களிமண்ணோடு பிசைந்து மூசை செய்வார்கள். உள்ளே இரும்புத் துண்டுகள். அவற்றோடு பொடிசாக நறுக்கிய காய்ந்த ஆவாரங்கட்டை. மேலே ஓரிரு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, மூசைகளைக் கரிக்கு நடுவில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி.

ஆவாரையும் எருக்கும் எங்கே முளைக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஓமலூர் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே கண்ணில் படும் செடிகள். கட்டையிலும் இலையிலும் இருக்கிற கரிதான் மூடிய மூசைக்குள் இரும்பில் ஏறி அதை எஃகாக்குகிறது. பாடம் அவ்வளவுதான். 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இந்திய எஃகைச் சோதித்து, அதைப் போலவும் அதைவிட மேலானதாகவும் செய்துவிடப் பிளாட்டினம், வெள்ளி என்று எதையெதையோ கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆராய்ச்சி. கஞ்சமலை அடிவாரத்தில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தவர் செய்தது 'நாட்டு வழக்கம்'. ஃபாரடேயின் குறிப்பேடு இருக்கிறது. ஹீத் 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு வாங்கிய காப்புரிமை இருக்கிறது. எத்தனை எருக்கிலை போட வேண்டும் என்று தெரிந்த அந்த மனிதரின் பெயர் எங்கும் இல்லை. இதில் சதி எதுவும் இல்லை. எழுதி அச்சிட்டு அறிவியல் சங்கத்தில் படித்தால்தான் அறிவு என்று ஒரு சமூகம் விதி வகுத்திருந்தது; அந்த விதிக்கு வெளியே நின்றவர் பட்டியலில் ஏறவில்லை.

இதே கதையில் சுற்றுச்சூழலும் வருகிறது. ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை போட்டார். பெரிய உலைக்குப் பெரிய பசி. அதற்குக் கரி கொடுத்துக் காடுகளால் மாளவில்லை. கடைசியில் அந்தத் தொழிற்சாலை படுத்ததற்குக் கரித் தட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். அப்புறம் 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காடுகள் 'ரிசர்வ்' ஆயின. பெரிய உலை ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த சின்ன உலைக்காரர்களுக்குக் கரியும் கிடைக்கவில்லை, கப்பலில் வந்த மலிவு இரும்போடு போட்டி போடவும் முடியவில்லை. காட்டைத் தின்றது ஒன்று, காட்டை இழந்தது வேறு ஒன்று. சுற்றுச்சூழல் சமூகவியலில் இந்த வடிவம் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு துணைக்கதை, ஒரே மூச்சில் சொல்கிறேன். 1967இல் சேலத்துக்கு உருக்காலை கேட்டு 'எழுச்சி நாள்' கொண்டாடியது தமிழ்நாடு. 1970இல் அடிக்கல், 1981இல் உற்பத்தி. வந்ததோ வெளியிலிருந்து வரும் தகட்டைத் துருப்பிடிக்காத எஃகுத் தாளாகத் தேய்க்கும் ஆலை. கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே இருக்கிறது. ஆலை என்பது பொருளாதாரக் கணக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரு மாநிலத்தின் மானமும் அந்த ஆலையில் ஒரு மூலப்பொருள்.

இப்போது சேலத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். உங்கள் அண்ணன் சொல்கிற 'மக்களுக்கு அறிவியல் தெரியாது' என்ற வாதத்துக்கு என் பார்வையில் இதைவிட நல்ல பதில் கிடையாது. இங்கிலாந்தின் வடமேற்கில் கம்ப்ரியா என்று ஒரு மலைப் பகுதி. ஆடு மேய்ப்பதுதான் பிழைப்பு. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் பெய்த மழை கதிரியக்க சீசியத்தை அந்த மலைகளில் இறக்கியது. முதலில் அரசுத் தரப்பில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்றார்கள். ஜூனில் ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. தடை கடைசிப் பண்ணையில் நீங்கியது 2012இல்!

கணக்கு எங்கே தப்பியது? சீசியம் மண்ணில் பூட்டிக்கொண்டு புல்லுக்கு ஏறாது என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள். அந்த முடிவு சமவெளிக் களிமண்ணில் கிடைத்தது. மலையிலோ அமிலத்தன்மையுள்ள, மக்கிய தழை மண். அதில் சீசியம் பூட்டிக்கொள்ளாமல் வேரில் ஏறிப் புல்லாகி, ஆடாகி, மறுபடி சாணமாகிச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதாவது கடல்மட்டத்தில் எழுதிய நூறு டிகிரியை மலைமேல் எடுத்துப் போனார்கள். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த விவசாயிகளோடு பேசி இதையெல்லாம் எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விவரம். ஒரு தாதுப்பொடியைத் தூவினால் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதனை செய்தார்கள். "எங்கள் ஆடு மலை முழுக்கத் திரிந்து மேய்கிற ஆடு, அடைத்தால் இளைத்துப்போகும், உங்கள் கணக்கு நிற்காது" என்று விவசாயிகள் முன்பே சொன்னார்கள். கேட்பார் இல்லை. கொஞ்ச நாளில் அந்தச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது, விவசாயிகள் சொன்ன அதே காரணத்துக்காக. இங்கே அறிவியல் தெரியாதவர் யார்?

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குத் திரும்புவோம். மலை உச்சிகளில் பாக்சைட் தொப்பி மாதிரி கவிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலை 1965இல் தொடங்கியது. அதற்காகச் சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். 2008இல் அது நின்றது. அலுமினியம் எடுப்பவருக்கு அந்தத் தொப்பி தாது. அடியில் குடியிருப்பவருக்கு அது பஞ்சு: மழையைக் குடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல ஊற்றாக விடுவது. கல் ஒன்றுதான், அதில் ஓட்டைகள் நிறைந்திருப்பதும் உண்மை, அதில் அலுமினியம் இருப்பதும் உண்மை. எந்த உண்மையின் பெயரால் அந்த இடம் வரைபடத்தில் குறிக்கப்படுகிறது என்பதில்தான் சமூகம் உட்கார்ந்திருக்கிறது.

பல வருடம் முன் ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலையாளிக் கிராமத்துக்குப் போயிருந்தேன். (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிற, காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிக்கதை வைத்திருக்கிற, நம் மலைப் பழங்குடியினர்.) ஊருக்குக் கீழே பாறையில் வெட்டிய படிகளோடு ஓர் ஊற்று. ஒரு பெரியவர் கூட வந்தார். "சித்திரை அமாவாசைக்குத் தண்ணி மூணாவது படியில நிக்கணுங்க. நின்னா அந்த வருசம் தாக்குப்பிடிக்கும்" என்றார். "இப்ப?" என்றேன். அஞ்சாவது படியைக் காலால் தொட்டுக் காட்டினார். ஏன் என்றதற்கு ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. மேலே மண்ணைக் கிளறியது, சோலை மரம் போய்ச் சில்வர் ஓக் வந்தது, விடுதிக்காரர்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். நாற்பது வருட நீர்மட்டப் பதிவு அந்த மனிதரின் தலையில் இருந்தது.

ஒரு சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும்போது என்ன நடக்கிறது? சுற்றுவட்டாரம் பத்து கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறார்கள். காற்று, தண்ணீர், மண், சத்தம் எல்லாம் அளக்கிறார்கள். வழக்கமாக ஒரே ஒரு பருவத்தில், மழைக்காலம் அல்லாத மூன்று மாதங்களில். அளக்கும் கருவியில் குறையில்லை, அளப்பவரும் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் ஊற்று என்பது வருடத்தைக் கொண்டு அளக்கவேண்டிய உயிர். மூன்று மாதச் சட்டத்துக்குள் அதை நிறுத்தினால் 'நீர்நிலை: ஒன்று, பருவகாலத்தது' என்று ஒரு வரியாகிவிடும். மூன்றாவது படி எந்தப் படிவத்திலும் ஏறாது.

சரி, மக்கள் வந்து சொல்லலாமே, அதற்குத்தானே கருத்துக் கேட்புக் கூட்டம்? 2006 அறிவிக்கையின்படி முப்பது நாள் முன்னறிவிப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏற்பாடு, கலெக்டர் தலைமை எல்லாம் உண்டு. தமிழில் சுருக்க அறிக்கையும் உண்டு. முழு அறிக்கை தடித்த ஆங்கிலப் புத்தகம். நம் மாவட்டத்தில் ஒரு கல்குவாரிக்கு நடந்த கூட்டத்துக்கு ஒரு முறை போனேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, முன்வரிசையில் யார் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆலோசகர் திரையில் எண்களைக் காட்டினார்: காற்றில் மிதக்கும் நுண்தூசி 24 மணி நேரச் சராசரியில் வரம்பான 100 மைக்ரோகிராமுக்குள்தான் இருக்கும் என்று. பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "கழுவிக் கவுத்து வெச்ச தட்டு மேல பொழுது சாயறதுக்குள்ள வெரல்ல கோலம் போடலாம் சார். அது எத்தனை மைக்ரோகிராம்?" கூட்டம் சிரித்தது. ஆலோசகரும் சிரித்தார். நடவடிக்கைக் குறிப்பில் அது 'தூசு பற்றிப் பொதுமக்கள் கேள்வி எழுப்பினர். தண்ணீர் தெளிக்கப்படும் என்று பதிலளிக்கப்பட்டது' என்று ஆனது.

அந்த அம்மா கேட்டது நகைச்சுவை இல்லை, அளவியல். சராசரி என்பது இரவு முழுக்கச் சும்மா கிடக்கும் காற்றையும் சேர்த்து வகுத்த எண். தட்டோ லாரி போகிற நேரத்தின் கணக்கு. அதுவும் மிதக்கிற தூசியை விட்டுவிட்டுப் படிகிற தூசியின் கணக்கு. இரண்டும் தரவுதான். ஒன்றுக்குத்தான் படிவத்தில் கட்டம் இருக்கிறது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தார் 2004 முதல் ஒரு வாளியும் பையும் வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். மூக்குக்குத் தெரிந்ததைக் கட்டத்துக்குள் அடங்கும் எண்ணாக மாற்றிக் கொடுத்தார்கள். ஒடிசாவின் நியமகிரியில் வேறு வழி திறந்தது. பாக்சைட் மலைதான் அதுவும். 2013இல் உச்ச நீதிமன்றம், அங்கே சுரங்கம் வெட்டலாமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது; கேட்ட பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அங்கே எண்ணைக் கேட்கவில்லை, முடிவையே கேட்டார்கள். இது பெரிய வித்தியாசம். தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டு.

இதைப் படித்துவிட்டு ஊர் அறிவெல்லாம் தங்கம், படித்தவன் சொல்வதெல்லாம் தகரம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடுமுன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்து நீரோட்டம் பார்ப்பார்கள். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர். என் சொந்தத்தில் மட்டும் இப்படித் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் மூன்று போர் புகையைக் கக்கியது. பல லட்சம் ரூபாய் ரிக் வண்டி, அதற்கு வழிகாட்டி ஒரு தேங்காய்! ஊற்றங்கரைப் பெரியவரின் படிக்கணக்குத் தப்பினால் அடுத்த வருடமே அவருக்குத் தெரிந்துவிடும். தேங்காய்க்காரருக்கு அந்தச் சோதனை இல்லை, தப்பினால் பழி நிலத்துக்கு. தவறினால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா என்று பாருங்கள். அறிவைச் சோதிக்க நான் பயன்படுத்துகிற ஒரே உரைகல் அதுதான். பட்டம் வாங்கியவருக்கும் அதேதான்.

போர் என்று வந்துவிட்டதால் தொழில்நுட்பத்துக்குப் போகலாம். இது என் சொந்தக் கதை. எடப்பாடிப் பக்கம் எங்கள் அப்பாரு காலத்துக் கிணறு நாலு பங்கு. பங்காளிகள் நாலு பேரும் முறை வைத்துக் கவலை (மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு) ஓட்டுவார்கள். இரண்டு மாடு, சால், வடம், தும்பித்தோல். மாடு பின்னுக்கு வந்து சாலை இறக்கி, முன்னுக்குப் போய் ஏற்றினால் ஒரு சால் தண்ணீர். மாடு களைத்தால் நிறுத்த வேண்டியதுதான். அந்தக் களைப்புதான் கிணற்றின் காவல்காரன். ஒரு நாளைக்கு ஊறுவதைவிட அதிகமாக இறைக்க முடியாது. முறை மாறி இறைத்தால் சண்டை, சண்டைக்குப் பஞ்சாயத்து, பஞ்சாயத்துக்குப் பிறகு கிடா வெட்டு. கிணறு வற்றினால் நாலு வீடும் சேர்ந்து தூர் வாரும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகூடத் தூர் வாரும் அன்று மண்கூடையை மாற்றிக் கொடுப்பான்.

மோட்டார் வந்தது. 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசம் ஆனது. பெரியப்பா தன் பங்கு நிலத்தில் 300 அடிக்கு ஒரு போர் போட்டார். அடுத்த கோடையில் பொதுக்கிணறு இறங்கியது. அடுத்தவர் 500 போட்டார். எல்லாம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள்தான். இந்தியா முழுக்கப் பாறையைத் துளைப்பது நம் பக்கத்து ஆட்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு, ஒளிப்பானேன். இன்று அங்கே ஆயிரம் அடிக்குக் குறைவாகப் பேச்சே இல்லை. நம் நிலத்தடி கெட்டிப் பாறை. தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. என் வெடிப்பும் உங்கள் வெடிப்பும் கீழே ஒன்றாக இருக்கலாம், மேலே வேலி தனித்தனி. கிணறு நாலு பேரைச் சேர்த்துவைத்தது, போர் நாலு பேரையும் தனித்தனிப் பணக்காரனாகவோ கடன்காரனாகவோ ஆக்கியது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. சண்டை போட இடமே இல்லை, பக்கத்துக்காரர் எவ்வளவு எடுக்கிறார் என்று தெரிந்தால்தானே? பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டரும் இல்லை. எடுத்த தண்ணீரை அளக்க வேண்டாம் என்பதும் ஒரு முடிவு. அதற்கும் ஓட்டு அரசியல் முதல் விவசாயியின் நியாயமான பயம் வரை காரணங்கள் இருக்கின்றன. கருவி நடுநிலையானது, பயன்படுத்துபவர்தான் காரணம் என்று எழுதாதீர்கள். கவலைக்குள் முறை என்ற ஏற்பாடே மடித்து வைக்கப்பட்டிருந்தது. போருக்குள் தனி உரிமை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

சேகோவைப் பற்றி (ஜவ்வரிசிதான்) சொல்லாமல் சேலத்துப் பதிலை முடித்தால் ஊரில் திட்டுவார்கள். 1940களில் உலகப் போரால் கிழக்கிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று இந்தியாவின் ஜவ்வரிசியில் பெரும்பகுதி நம் பக்கத்தது. அதிகம் சாப்பிடுவது மகாராஷ்டிரமும் வட மாநிலங்களும், விரத நாளில். அங்கே வெள்ளையாக இருந்தால்தான் சுத்தம் என்று எண்ணம். கிழங்கு மாவின் இயல்பான நிறம் கொஞ்சம் மங்கல். வெள்ளைக்கு விலை வைத்தபின், வெளுப்பதற்கு ரசாயனம் வந்தது. அதைப் பிடிக்க அதிகாரி வந்தார், பரிசோதனை வந்தது. ஒரு பெண் புனேயில் ஏகாதசிக்குக் கிச்சடி கிளறும்போது நினைக்கும் தூய்மை, ஆத்தூர் பக்கத்து ஆலையின் தொட்டியில் ரசாயனமாகிறது. ஆத்தூர் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் புளித்த மாவு வாடை பழக்கம். அது கழிவு நீர்.

1986இல் உல்ரிக் பெக் என்ற ஜெர்மானியர், நம் காலத்துச் சமூகம் ஆபத்துகளைப் பங்கிடும் சமூகம் என்று எழுதினார். வறுமை ஏணி பார்த்து வரும், புகைக்கு ஏணி கிடையாது, எல்லோர் மூக்கிலும் ஏறும் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அறிய நிபுணரை நம்பியே தீர வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னது சரி. ஏணி கிடையாது என்பதை மட்டும் திருமணிமுத்தாற்றங்கரையில் நின்று என்னால் ஏற்க முடியவில்லை. சேர்வராயனில் பிறந்து, சேலத்துக்குள் சாக்கடையையும் சாயத்தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரிக்குப் போகிறது ஆறு. மேலே காப்பித் தோட்டக்காரருக்குத் தெளிந்த ஓடை. கீழே அந்தத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சுபவருக்கு நுரை. மேலிருந்து கீழே ஓடுகிற எதற்கும் ஏணி உண்டு. பெக் நம் ஆற்றைப் பார்க்கவில்லை, அவர் பிழை இல்லை.

எட்டு வழிச்சாலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே போடத் திட்டமிட்ட 277 கிலோமீட்டர் சாலை அது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வாங்கியிருக்க வேண்டும் என்றது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பே அது தேவையில்லை, சாலை வேலை தொடங்குமுன் வாங்கினால் போதும் என்றது. மரமும் கிணறும் எத்தனை என்பதைவிட, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதில்தான் இரண்டு நீதிமன்றங்களும் வேறுபட்டன. கல் நட்ட பிறகு கேட்டால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பது விவசாயிக்குத் தெரியும்.

களப்பணிக்கு ஏற்காடு போவதாக இருந்தால் சில விஷயங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். சுற்றுலா வண்டிகளில் இருபது கொண்டை ஊசி வளைவும் அடைத்துக் கிடக்கும். மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிக்கிற காலம், பகலில் ஊரில் ஆள் இருக்காது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். வினாப்பட்டியலில் 'சாதி / பழங்குடி' கட்டத்தை முதலில் வைக்காதீர்கள். சேலத்து மலையாளிகள் பட்டியல் பழங்குடி. அதே மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால் இல்லை, வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் நீங்கள் ஏதோ சான்றிதழ் விசாரணைக்கு வந்த ஆள் என்று நினைத்துவிடுவார்கள், அப்புறம் பேச்சு வராது. குறிப்பேட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஊற்றுக்குக் கூட்டிப் போவார்கள். படிகளை எண்ணிக்கொள்ளுங்கள், தேதியை எழுதுங்கள். அண்ணனையும் கூட்டிப்போனால் அவர் டேப்பைப் பிடிக்கட்டும்.